வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

மீஞ்சூர்
24 ஜூன் 2024

ஜமுனாக்கா,

என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டாய். வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. மெயில் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். சூசையம்மா அக்கா நண்டு விற்க மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு வருகிறதே, அதன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு, பயப்படாத. ஆனா இன்னா எழுதியிருக்கேனு மட்டும் சொல்லிட்டுக் குடு" என்றது. சண்டைக் கடுதாசி என்றேன். "அப்போ பத்திரமா எடுத்துனு போறேன்" என்று இடுப்பில் செருகிக்கொண்டது.

நேராகவே கேட்கிறேன். ஊர்க் கூட்டத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இந்த வரி ஷாலினி பேரில் இருக்கிறது என்று நீ படித்தாயா, இல்லையா?

நைனாவுக்குப் போனில் சொல்லவே வாய் வரவில்லை. "நம்ம கூட்டத்த பாட்டுலேர்ந்து தள்ளி வச்சிட்டாங்கமா. அடுத்த சீட்டு போடற வரிக்கும் வலை கட்டக் கூடாதாம். கம்ப்யூட்டர்ல உன் பேரு வந்துச்சாம்" என்றார். பிறகு இருமுவதுபோல் ஏதோ செய்துவிட்டு வைத்துவிட்டார். என் நைனா இருமுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பாடு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏரி வாயில் இறால் ஓடுகிற இடத்தில் நாளைக்கு ஒரு கூட்டம்தான் வலை கட்டலாம், தை மாதச் சீட்டில் விழுந்த முறைப்படி. அந்த முறை போனால் நைனாவும் அவரோடு இருக்கிற ஆட்களும் தை வரை கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கூடை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அவர் செய்த குற்றம் என்ன?

குப்பம்மா ஆயா செத்த அன்று நைனா கூட்டத்தின் பாடு. சாவு விழுந்தால் ஊரில் ஒருவரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். அன்றைய பாடு மறுநாளுக்குப் போகும், பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் தள்ளிக்கொள்வார்கள். தோணிமேட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் இது. அதனால் மறுநாள் நைனா வலையைத் தூக்கிக்கொண்டு போனார். போனால், அங்கே உன் மாமனார் கூட்டம் கழி ஊன்றிக்கொண்டிருக்கிறது. "போன்ல பாரு, இன்னிக்கு எங்க பாடு" என்று காட்டினார்களாம். யாருக்கு என்றைக்குப் பாடு என்று ஊர் போனில் பார்க்க நீயும் நானும் சேர்ந்து செய்த அதே வெப் பக்கம். அதில் சாவு நாளில் விழுந்த பாடு போனது போனதுதான் என்று கணக்கு ஓடியிருக்கிறது. கைகலப்பாகி, வலை அறுந்து, நைனாவின் மணிக்கட்டில் துடுப்புக் கட்டை பட்டு வீங்கிப்போயிருக்கிறது.

முறையை யார் மாற்றினது என்று ஊர் கேட்டதும் உன் மாமனார், ஊர்த் தலைவர் எல்லப்பன் அவர்கள், "கம்ப்யூட்டர்ல போட்ட பொண்ணுங்க தப்பா போட்டுடுச்சுங்க" என்றாராம். எந்தப் பொண்ணு என்று கேட்டதும் உன்னைப் படிக்கச் சொன்னாராம். நீயும் படித்தாயாம். அடிபட்டவர் வீட்டுக்கே தண்டனையும் வந்துவிட்டது. எந்தப் பெண்ணாவது தன் அப்பனுடைய பாட்டையே காணாமல் போக்குவாளா? அதைக்கூட அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தப் பேர் காட்டுகிற எக்ஸ்டென்ஷனை, அந்தக் குட்டிச் சேர்க்கையை, நீ புரோகிராம் எழுதுகிற எடிட்டரில் போடச் சொன்னதே நான்தான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பேரைச் சாம்பல் எழுத்தில் காட்டும். தொட்டவர் பேரை, அக்கா. எழுதியவர் பேரை இல்லை. சித்திரை லீவில் வந்தபோது அந்தப் பக்கத்தை ஓட்டுகிற நம் ஃபைலை என் லேப்டாப்பில் திறந்து சேவ் பண்ணினேன். சேவ் பண்ணினாலே வரிகளை ஒழுங்காக அடுக்குகிற இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்னிடம் இருக்கிறது. அது இடைவெளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் மாற்றியது. அதனால் தலையிலிருந்து கால்வரை எல்லா வரியும் நான் தொட்டதாக ஆகிவிட்டது. உன் மாமனார் பேர் இருக்கிற வரிக்குப் பக்கத்திலும் என் பேர்தான் காட்டும். அப்படியானால் உன் மாமனாரைப் பெற்றதும் நான்தானா?

என் பேருக்கு அடியில் யார் பேர் இருக்கிறது என்று நான் பார்த்துவிட்டேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீயே கூட்டத்தில் எழுந்து சொல்வாய் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஷாலினி


தோணிமேடு
27 ஜூன் 2024

ஷாலினிக்கு,

கடிதம் நண்டு வாடையோடு வந்து சேர்ந்தது.

கேள்வி கேட்க உனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைப்பா? சித்திரையில் அந்த ஃபைலைத் தொட்டபோது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? மறுநாள் நான் திறந்தால் என் ஃபைலே இல்லை அது. கூட்டங்களின் பேரை ஒன்றின் கீழ் ஒன்றாக, கண்ணுக்குப் பட்டென்று தெரிகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இழுத்து ஒரே வரியில் அடைத்துவிட்டிருந்தது உன் எக்ஸ்டென்ஷன். என் சமையல்கட்டில் நீ புகுந்து உப்பு டப்பாவையும் மிளகாய் டப்பாவையும் மாற்றி வைத்துவிட்டு, இதுதான் ஒழுங்கு என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய்.

கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நீ என்னை நல்லா இருக்கியா என்று கேட்டதைவிட எக்ஸ்டென்ஷன் பேர் அனுப்பியதுதான் அதிகம். அக்கா, இதைப் போடு. அக்கா, இது இல்லாமல் எப்படி வேலை செய்கிறாய். அடைப்புக்குறிக்கு ஜோடி ஜோடியாகக் கலர் அடிப்பது ஒன்று. திறக்கிற டேக்கை மாற்றினால் மூடுகிற டேக்கும் தானே மாறுவது ஒன்று. அது உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. எழுத்துப்பிழை பார்க்கிற ஒன்றை அனுப்பினாய். ஆசையாகப் போட்டேன். தோணிமேடு என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அடியில் சிவப்புக் கோடு. பாடு என்று தட்டினால் சிவப்புக் கோடு. சகாதேவன் என்று உன் நைனா பேரைத் தட்டினாலும் சிவப்புக் கோடு. நம் ஊரே தப்பு என்று சொல்கிற ஒன்றை எனக்கு அனுப்பியிருக்கிறாய் என்று அன்றைக்கே எடுத்துப் போட்டேன்.

குறிப்பு வரிக்கு மஞ்சள் அடிக்கிறது ஒன்று அனுப்பினாயே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகிற, நமக்கு நாமே எழுதிக்கொள்கிற வரிக்கு எதற்கு மஞ்சள்? இன்று வரை எனக்கு விளங்கவில்லை. என் லேப்டாப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. நீ அனுப்பியதையெல்லாம் போட்டதும் மடியில் வைக்க முடியாமல் சுட்டது. டவர் வேண்டுமானால் நான் படகுத் துறை வரைக்கும் நடக்க வேண்டும். உனக்கு ஒரு கிளிக், எனக்கு ஒரு நடை.

கூட்டத்தில் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "யாரு பேரு இருக்குது, படி" என்று மாமா கேட்டார். திரையில் இருந்ததைப் படித்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

சித்தப்பாவின் கை வீக்கத்துக்கு எண்ணெய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஜமுனா


மீஞ்சூர்
1 ஜூலை 2024

அக்கா,

திரையில் இருந்ததைப் படித்தாயாம். என்ன ஒரு நேர்மை.

சித்திரையில் நீ என்னைத் திட்டியது நினைவிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். என்ன சொல்லித் திட்டினாய் என்பதை மட்டும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "ஏண்டி, எல்லா வரிலயும் உன் பேரா ஆயிப்போச்சே. இனிமே எது யாரு போட்டதுன்னு எப்புட்றி கண்டுபுடிக்கறது?" என்று கேட்டாய். துறையில் நின்றுகொண்டு, போனைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாய். அப்படியானால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் அந்தச் சாம்பல் எழுத்துக்கு அர்த்தம் இல்லை என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். தெரிந்துகொண்டே படித்தாய். மற்றவர்கள் அறியாமல் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல்தான் கோபம்.

கேட்காமல் சேவ் பண்ணியது என் தப்பு. உன் அடுக்கைக் கலைத்ததும் தப்பு. எழுத்துப்பிழை எக்ஸ்டென்ஷனில் நம் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துவிட்டால் கோடு வராது. அதைச் சொல்லாமல் அனுப்பியதும் தப்புதான். இதற்கெல்லாம் என்னை நாலு பேர் நடுவில் நிற்கவைத்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்காக என் நைனா வயிற்றில் அடிப்பாயா?

நீ சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வரிமேல் மவுஸை வைத்து, அதற்கு முந்தைய மாற்றத்தைக் காட்டு என்றால் காட்டுகிறது. தை மாதம். உன் பேர். சாவு நாள் பாடு தள்ளாது என்கிற அந்த ஒரு வரியைத் தனியாக, அதற்கென்றே உட்கார்ந்து போட்டிருக்கிறாய்.

ஆனால் இதை நீயாக யோசித்திருப்பாய் என்று நான் நம்ப மாட்டேன். உன் நைனா, என் பெரியப்பா, செத்தபோது உங்கள் கூட்டத்தின் பாடு. மறுநாள் ஊரே ஒதுங்கி நின்று உங்கள் ஆட்களை வலை கட்ட விட்டது. அந்த இறாலை விற்றுத்தான் காரியம் நடந்தது. கூடையை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தவர்களில் நீயும் நானும் இருந்தோம். அந்த முறையை அழிக்கிற வரியை உன் விரல் தானாகத் தட்டியிருக்காது. யாரோ பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? அதை மட்டும் எழுது.

ஷாலினி


தோணிமேடு
4 ஜூலை 2024

ஷாலினி,

நீ ரயில் ஏறினால் வேறு உலகம். நான் இந்த வீட்டிலேயே சோறாக்கி, இந்த வீட்டிலேயே சாப்பிட்டு, இந்த வீட்டிலேயே படுக்கிறவள். கூட்டத்தில் பெண்களுக்குப் பேச்சு கிடையாது என்று உனக்கே தெரியும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள், போனேன். பேரைப் படித்துவிட்டு, "ஆனா அது இன்னான்னா" என்று வாயைத் திறந்தேன். "கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்" என்று வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்ட பேரை நான் எழுத மாட்டேன். சூசையம்மா அக்காவையும் அனுப்பாதே. "இன்னா, தினம் கடுதாசி வருது?" என்று மூர்த்தி நேற்றுக் கேட்டார். புருஷனிடம் என்ன சொல்ல?

ஜமுனா


மீஞ்சூர்
15 ஜூலை 2024

அக்கா,

நீ பேரை எழுதவில்லை. எழுதாததாலேயே தெரிந்துவிட்டது. மூர்த்தி மாமா உன்னிடம் எதையும் அதட்டிச் சொல்கிறவர் இல்லை. உன் வீட்டில் உன்னைத் தட்டு என்று சொல்லவும், போதும் என்று அடக்கவும் முடிந்த ஆள் ஒருவர்தான். ஊரின் முறையை மாற்றியவரும் அவரே, மாற்றியது யார் என்று கூட்டத்தில் கேட்டவரும் அவரே. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். வர வேண்டாம் என்று நைனா சொல்லியும் வந்தேன். வீட்டில் அவர் இல்லை. தேடிக்கொண்டு போனால், வடக்கே ஆழம் குறைந்த இடத்தில், கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பனை ஓலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வீங்கின கையோடு. அது கேவலமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ குடும்பம் அதில்தான் பிழைக்கிறது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்து பழகினவர்கள். இவருக்கு முட்டி மடங்காது, உனக்கே தெரியும். எழுந்திருக்கும்போது கழியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். நான் கரையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா பொழுது போவலமா, அதான்" என்றார்.

பக்கத்தில் உங்கள் வீடு. உன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நீ உள்ளே இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் வரவில்லை.

இனி உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஷாலினி


தோணிமேடு
5 ஆகஸ்ட் 2024

ஷாலு,

ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். சித்தப்பா தினமும் அங்கே உட்கார்வதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது பேரை எழுதுகிறேன். தை மாதம், சீட்டுப் போட்டு முடித்த மறுநாள், மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "சாவு நாள்ல விழுந்த பாடு இனிமே போனதுதான். தள்ளிக்கினே போனா கணக்கு எப்போ முடியறது? அப்படியே போட்டுடு." ஊரில் பேசியாச்சா என்று கேட்டேன். "நான் பேசிக்கறேன், நீ போடு" என்றார். குழம்பு ஊற்றிவிட்டுப் போய்த் தட்டினேன். அவர் ஊரில் பேசவே இல்லை. குப்பம்மா ஆயா சாவுக்கு மறுநாள் தன் கூட்டத்துக்குப் பாடு வந்ததும், போனைக் காட்டி அனுப்பிவிட்டார். ஊர் எதிர்த்து நின்றதும் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டார். அவர் போட்டதைவிட, நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் உன்னை அடித்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

போன வாரம் கருப்பன் செத்துப்போனார். படகுக்குத் தார் பூசுகிறவர், உனக்குத் தெரியும். அன்றைக்கு யார் பாடு தெரியுமா? மாமா கூட்டத்துடையது. ஆனிக் கூட்டத்துக்குப் பிறகும் அந்த வரியை மாற்று என்று ஒருவரும் சொல்லவில்லை, பக்கத்தில் அப்படியேதான் இருந்தது.

பிணத்தை எடுத்துவிட்டு வந்து குளித்த ஈரம்கூடக் காயவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தச் சாவு வரிய பழையபடி மாத்திடு. நாளைக்கு நம்ம பாடு" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா. உன் நைனாவின் முட்டி கண் முன்னால் வந்தது.

"மாத்தறேன் மாமா. போன தடவ மாதிரி நாளைக்கு யாராவது கேட்டா, யாரு சொன்னதுன்னு சொல்லட்டும்?" என்றேன்.

"நான் சொன்னேன்னு போடு. இன்னா இப்போ, எனக்கு பயமா?" என்றார்.

போட்டேன். நீ அனுப்பிய அந்த மஞ்சள் அடிக்கிற எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே, அதைத் திரும்ப இறக்கினேன். எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிற குறிப்புக்கு மஞ்சள் அடிக்க வேண்டும் என்று நாமே அதில் சொல்லலாம் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். 'சொன்னவர்' என்ற சொல்லைக் கொடுத்தேன். ஃபைலில் இருக்கிற முறை ஒவ்வொன்றுக்கும் மேலே, அதை யார் சொல்லி நான் தட்டினேன் என்று ஒரு குறிப்பு எழுதினேன். இத்தனை மாதம் தட்டியவள் பேர் மட்டும்தான் அதில் இருந்தது. சொன்னவர் ஒருவர் பேரும் இல்லை. எழுத எழுத ஃபைல் மஞ்சளாகிக்கொண்டே போனது.

குறிப்பை ஊர் படிக்க முடியாதே. அதனால் அதையே எடுத்துப் பக்கத்திலும் வரும்படி செய்தேன். முறைப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி.

சாவு நாளில் விழுந்த பாடு போனதுதான். சொன்னவர்: எல்லப்பன், தை மாதம்.

சாவு நாளில் விழுந்த பாடு மறுநாளுக்குத் தள்ளிப் போகும். சொன்னவர்: எல்லப்பன், ஆடி மாதம்.

அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தப் போகும்போது மூர்த்தி பின்னால் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. லேப்டாப்பை மூடிவிடுவார் என்று நினைத்தேன். முழுவதையும் படித்துவிட்டு, "எங்க நைனாவுக்குக் கண்ணு மங்கலு. எழுத்த பெருசா போடு" என்றார். சித்தப்பா கையில் அடிபட்ட அன்று மூர்த்தி அங்கேதான் இருந்திருக்கிறார். அதிலிருந்தே அவருக்கு வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் துறையில் ஆளாளுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். சூசையம்மா அக்கா எனக்கு இன்னொரு தடவை, எனக்கு இன்னொரு தடவை என்று நாலைந்து பேரிடம் கேட்டதாம். மாமா கூட்டம் அன்றைக்கு வலை கட்டவில்லை, யாரும் விடவில்லை. சாயங்காலம் கூட்டம் கூடியது. என்னையும் லேப்டாப்பையும் மறுபடி கூப்பிட்டார்கள்.

"இன்னாத்துக்கு என் பேரப் போட்ட?" என்று எல்லார் முன்னாலும் மாமா கேட்டார்.

"யாரு மாத்தினதுன்னு ஊரு கேட்டுச்சு மாமா. கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தலைவருடைய பாடு தள்ளிப் போகலாம் என்றால் சகாதேவனுடைய பாடும் தள்ளித்தானே போயிருக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்புறம் ஆளாளுக்கு அதையே பேசினார்கள். கடைசியில் சித்தப்பா கூட்டத்தை மறுபடி முறையில் சேர்த்தார்கள். அன்றைக்குப் போன அந்த நாளை முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் மாமா கூட்டம். கலையும்போது மாமா, "அன்னிக்கி அந்த வரில ஷாலினி பேருதான் இருந்துது. அது பொய் இல்லயே" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். எல்லாரும் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் வந்துவிட்டேன்.

உன் ஒழுங்குபடுத்தல் நடந்த நாளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்கிற ஒரு சின்ன ஃபைலை எப்படி வைப்பது என்று தேடிப் படித்து வைத்துவிட்டேன். இப்போது நீ எழுதிய வரிகளில் மட்டும்தான் உன் பேர் காட்டுகிறது. என் பழைய அடுக்கையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அதைத் தொடாதே.

ஜமுனா


மீஞ்சூர்
8 ஆகஸ்ட் 2024

ஜமுனாக்கா,

நைனா நேற்றுத் துறையிலிருந்தே போன் பண்ணினார். பின்னால் இறால் கொட்டுகிற சத்தமும் ஏலக்காரர் கத்துகிற சத்தமும் கேட்டது. "ஒண்ணும் இல்லமா, சும்மாதான் பண்ணேன்" என்றார். இருமவில்லை. அதைக் கேட்டதும் ரயிலில் நின்றுகொண்டே அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள்.

மூர்த்தி மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். எங்களுக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்தில், நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் உன் கடிதத்தில் கடைசியில் எழுதியிருக்கிறாயே, மாமா அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தார், நானும் வந்துவிட்டேன் என்று. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டாவது தடவையும் வந்துவிட்டாயா அக்கா? நைனாவின் பாடு திரும்பி வந்துவிட்டது. என் பேர் திரும்பி வரவில்லை. நேற்றுக்கூட மார்க்கெட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர், "பரவால்லமா, சின்னப் பொண்ணு, தெரியாம போட்டுட்ட" என்று என்னை மன்னித்தார். நான் செய்யாததற்கு எனக்கு மன்னிப்பு. சாம்பல் எழுத்தில் நீ சரி பண்ணினது உன் லேப்டாப்பில் மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டம் பார்க்கிற இடத்தில் எடு.

அந்த இரண்டு வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். முதலில், தப்பாகப் போட்டது ஷாலினி என்று எழுதி, சொன்னவர் இடத்தில் எல்லப்பன் என்று போடு. அதற்குக் கீழே நடந்ததை எழுது. எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நான் சொன்னால் அது என் பேரில் வரும். சொன்னவர் இடத்தில் உன் பேர் இருக்க வேண்டும். மாமா சொன்னார், ஊர் சொன்னது, திரை காட்டியது என்று ஒன்றும் வேண்டாம்.

அடுக்கைத் தொட மாட்டேன்.

ஷாலினி


தோணிமேடு
10 ஆகஸ்ட் 2024

ஷாலு,

போட்டுவிட்டேன். துறைக்குப் போகவில்லை. மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் எதிரிலேயே உட்கார்ந்து தட்டினேன். மூர்த்தி தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். பக்கத்தைத் திறக்க உனக்கு நேரம் இருக்காது என்று இங்கேயும் எழுதுகிறேன்.

சாவு நாள் வரியைத் தப்பாகப் போட்டது ஷாலினி. சொன்னவர்: எல்லப்பன், ஆனி மாதக் கூட்டத்தில்.

அந்த வரியை ஷாலினி போடவில்லை. எல்லப்பன் சொல்லி நான் போட்டேன். கூட்டத்தில் ஷாலினி பேரைப் படித்தபோதே அது எனக்குத் தெரியும். சொன்னவர்: ஜமுனா.

மாமா படித்துவிட்டு எடுக்கச் சொன்னார். எடுக்கிறேன் மாமா, எடுக்கச் சொன்னவர் பேரையும் கீழே போட வேண்டியிருக்கும் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். வரி அப்படியே இருக்கிறது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இன்னும் திட்ட மிச்சம் இருந்தால் போனில் திட்டு.

ஜமுனா